வானம் மூடினால் சாலையைச் சொல்லுங்கள்

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தாருக்கும் ரயில்வே வாரியத்தாருக்கும்,

வணக்கம்.

நான் சென்னை நங்கநல்லூர்க்காரி. எங்கள் வீட்டுக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் நடுவே மின்சார ரயில் பாதையும் ஜிஎஸ்டி சாலையும்தான் இருக்கின்றன. என் அம்மாவுக்கு விமானச் சத்தம்தான் கடிகாரம். விடியலில் முதல் இரைச்சல் கேட்டதும் வாசல் தெளிக்க எழுவார். நான் வெளியூரிலிருந்து திரும்புகிற நாளில் இறங்குகிற ஒவ்வொரு விமானத்தையும் காதால் எண்ணி, 'இதுவாகத்தான் இருக்கும்' என்று குக்கரை அடுப்பில் ஏற்றுவார். 2015 டிசம்பர் 1 இரவு அந்தச் சத்தம் நின்றுபோனது. அப்போது நான் தில்லியிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில், ஜன்னலோர இருக்கையில், எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பழைய கதையை ஏன் இப்போது எடுக்கிறாய் என்று கேட்பீர்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், மழையால் அல்ல, விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு ஆயத்தம் செய்யாமல் விட்டதால் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. தொலைக்காட்சியில் கவுன்ட்டர் முன் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். பத்து ஆண்டுக்கு முன் என்னிடம் சொன்ன அதே இரண்டு வாக்கியங்களைத்தான் அவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பணத்தைத் திரும்பத் தருகிறோம், இல்லையென்றால் இடம் இருக்கும் அடுத்த விமானத்தில் ஏற்றுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரவு. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு விமான நிலையத்துக்குள் ஏறியது. அந்த ஆற்றின் மேல்தான் இரண்டாம் ஓடுதளத்தைப் பாலம் போட்டு நீட்டியிருக்கிறீர்கள், ஆகையால் ஆறு வழி தெரியாமல் உள்ளே வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. எங்கள் விமானம் கொஞ்ச நேரம் வட்டமிட்டது. பிறகு பெங்களூருவில் இறங்கியது. இரண்டு மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். நள்ளிரவை ஒட்டி இறக்கிவிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தொண்டை கட்டியிருந்தது. அவனும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னான். சென்னை எப்போது திறக்கும் என்று கேட்டேன். "காலை ஆறு மணிக்குத் தெரியும் மேடம்" என்றான். இங்கிருந்து சென்னைக்கு பஸ் உண்டா, எங்கே ஏற வேண்டும், சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டேன். "அது எங்கள் வேலை இல்லை மேடம்."

அவனைக் குறை சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவன் வேலை இல்லை. விமானம் ரத்தானால் பயணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், வகுத்துள்ள விதியில் இருப்பது மாற்று விமானம், அல்லது பணம். காத்திருக்கும் நேரத்துக்குச் சிற்றுண்டி. உரிய நேரத்தில் அறிவிக்காமல் ரத்து செய்தால் இழப்பீடு. ஆனால் அசாதாரணச் சூழ்நிலை என்றால் அது கிடையாது. புயலும் வெள்ளமும் அந்தக் கணக்கில் சேரும். சரி, சேரட்டும். மழைக்கு நான் யாரிடமும் அபராதம் கேட்கவில்லை. ஆனால் விமான நிலையமே மூடிக் கிடக்கும்போது மாற்று விமானம் எங்கே போய் இறங்கும்? மிஞ்சுவது பணம். அந்தப் பணத்தை நள்ளிரவில், பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில், வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதுவும் கையில் வராது, பல நாள் கழித்து வங்கிக் கணக்கில் வரும். என் விஷயத்தில் பாதிதான் வந்தது. தில்லியிலிருந்து பெங்களூரு வரை பறந்துவிட்டீர்களே என்று காரணம் சொன்னார்கள். பெங்களூருவுக்கு வர நான் ஆசைப்பட்டதாக யாரிடமும் சொன்ன நினைவு இல்லை.

அடுத்து பெட்டி. நிலவழியாகக் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்த பிறகும் கிளம்ப முடியவில்லை. விமானத்தின் வயிற்றில் பெட்டி இருக்கிறது. சென்னைக்கென்று சீட்டு ஒட்டிய பெட்டியை பெங்களூருவில் இறக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய யாருக்கும் அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. பெல்ட் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். எனக்கு அருகில் காசிக்குப் போய்த் திரும்பிய ஒரு வயதான தம்பதி. மாமாவின் சர்க்கரை மாத்திரையும், ஈயம் வைத்து அடைத்த கங்கைச் சொம்புகள் நான்கும் பெட்டிக்குள். மாமி தரையில் சேலைத் தலைப்பை விரித்து உட்கார்ந்துவிட்டார். "பெட்டி வராமல் நான் அசையமாட்டேன், நீங்கள் போங்கள் அம்மா" என்றார். ஊர் முழுக்கத் தண்ணீரில் மிதக்கிறது, மாமி நான்கு சொம்புத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார் என்று ஒருவர் சிரித்தார். மாமியும் சேர்ந்து சிரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

பெட்டி வந்தது. ஆறு பேர் சேர்ந்தோம். வாசலில் ஓர் இன்னோவாக்காரர் 15,000 ரூபாய் கேட்டார். மற்ற நாளில் அதில் பாதிக்கு வருவார் என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தலைக்கு 2,500 என்று பேசி ஏறினோம். ஊருக்குள் போய் ஓசூர் சாலையைப் பிடிக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஒசகோட்டை, கோலார், முல்பாகல், சித்தூர், ராணிப்பேட்டை என்று ஒரு வழி இருக்கிறது, பெங்களூரு நெரிசலைத் தொடாமலே வந்துவிடலாம் என்று அந்த ஓட்டுநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் தகவல் மையத்துக்கு அது தெரியவில்லை, கேட்டும் பார்த்தேன்.

விடிகிற நேரத்தில் வாலாஜாபேட்டை அருகே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கு முன் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் சென்னைப் பக்கம் மூக்கை வைத்து நின்றவை. கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் அட்டையில் கரித்துண்டால் கிறுக்கி வைத்திருந்தார்: எந்த இடத்தில் தண்ணீர், எது வரை வண்டி போகிறது, கடைசியாகச் சொன்ன லாரிக்காரர் எத்தனை மணிக்கு வந்தார். சென்னைப் பக்கமிருந்து வந்து சேர்கிற ஒவ்வோர் ஓட்டுநரும் டீயை வாங்குவதற்கு முன் ஒரு வரி சொல்வார். இவர் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். பால் தீர்ந்துபோய்க் கட்டன் டீதான். அந்த அட்டையைப் பார்த்துத்தான் எங்கள் ஓட்டுநர் எங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஒரு பன்னாட்டு முனையத்தில் அந்த அட்டை இல்லை.

மீதிப் பயணம் உங்கள் துறைக்கு வெளியே நடந்தது, சுருக்கிவிடுகிறேன். அன்று பிற்பகலில்தான் கோயம்பேட்டைத் தொட்டோம். அடையாற்றைத் தாண்ட வழியில்லை. தம்பதியின் சம்பந்தி வீடு அண்ணாநகரில் இருந்தது. அறிமுகமே இல்லாத என்னையும் அங்கேயே தங்க வைத்தார்கள். கைப்பேசி வேலை செய்யவில்லை. மறுநாள் சைதாப்பேட்டைப் பாலத்தை நடந்து தாண்டி, கிண்டி, கத்திப்பாரா, ஆலந்தூர் என்று நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா மாடி வீட்டுக்காரர்களோடு பத்திரமாக இருந்தார். "சத்தமே கேட்கவில்லை, அதனால் நீ தில்லியிலேயே இருக்கிறாய் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அசாதாரணச் சூழ்நிலை என்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 1 வெள்ளம். 2016 டிசம்பர் 12 வார்தா புயல். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். நான்கு தடவையும் சென்னை விமான நிலையம் மூடியது. நான்கும் கார்த்திகை மாதம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லிவைத்த ஊரில் இதை அசாதாரணம் என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். வருகிற கார்த்திகைக்கு நான் குடை வாங்கி வைக்கிறேன், மாநகராட்சி மோட்டார் பம்பு வாங்கி வைக்கிறது. நீங்கள் ஒரு பஸ்ஸை ஏற்பாடு செய்து வைத்தால் என்ன?

உங்களால் முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. 2015லேயே செய்து காட்டினீர்கள். மீனம்பாக்கம் மூடிக் கிடந்த அந்த நாட்களில் அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி தளத்தைத் திறந்து, அங்கிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினீர்கள். சென்னையிலிருந்து எழுபது கிலோமீட்டர். சிக்கியிருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். எழும்பூர்ப் பாதையில் தண்ணீர் ஏறி ரயில்கள் ரத்தானபோது ரயில்வேயும் அதே அரக்கோணத்தைப் பிடித்துக்கொண்டு தொலைதூர ரயில்களை விட்டது. ராணுவ ஓடுதளம், அரசு பஸ், ரயில் மூன்றும் ஒரே ஊரில் கைகோத்து நின்றன. யாரோ சில அதிகாரிகள் தூக்கமில்லாமல் தொலைபேசியில் பேசிப் பேசிச் செய்த வேலை அது. அவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போன பிறகு அந்த ஏற்பாடு எங்கே போனது? 2023இல் பெங்களூருவில் இறங்கியவர்களின் கையிலும் அதே இரண்டு வாக்கியங்கள்தான் இருந்தன. என் அண்ணன் மகன் அவர்களில் ஒருவன். அவனுக்கு கோலார் வழியை நான்தான் தொலைபேசியில் சொன்னேன்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியபோது ஐரோப்பிய வான்வெளி ஏறக்குறைய ஆறு நாள் முடங்கியது. ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின, சுமார் ஒரு கோடிப் பயணிகள் தவித்தார்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் ஏங்கலா மெர்க்கலே லிஸ்பனில் இறங்கி, ரோமுக்குப் போய், அங்கிருந்து சாலை வழியாக இத்தாலியைக் கடந்து பெர்லின் போய்ச் சேர்ந்தார். பிரிட்டன் ஸ்பெயினின் சான்டாண்டர் துறைமுகத்துக்குப் போர்க்கப்பலை அனுப்பித் தன் படைவீரர்களோடு பொதுமக்களையும் ஏற்றிவந்தது. அங்கும் குழப்பம்தான், அங்கும் டாக்சிக்காரர்கள் காசு பார்த்தார்கள்.

வித்தியாசம் விதியில் இருந்தது. 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய ஒழுங்குமுறை, விமானம் ரத்தானால் பயணியை 'ஒப்பான பயண வசதியில்' அவர் போக வேண்டிய ஊருக்குக் கொண்டுசேர்க்கச் சொல்கிறது. அது விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சொற்கள் கட்டாயப்படுத்தவில்லை. ரயிலும் பஸ்ஸும் அதற்குள் நுழைய இடம் இருக்கிறது. ஒரே ஊருக்குப் பல விமான நிலையங்கள் இருந்து, வேறொன்றில் இறக்கிவிட்டால், டிக்கெட்டில் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில். எரிமலைச் சாம்பலால் போர்ச்சுகலில் ஒரு வாரம் சிக்கிய ஒரு பயணி தொடுத்த வழக்கில், 2013 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது: அசாதாரணச் சூழ்நிலை இழப்பீட்டிலிருந்துதான் விலக்கு தருகிறது, சோறு போடுவதிலிருந்தும் படுக்க இடம் தருவதிலிருந்தும் தருவதில்லை, அது எத்தனை நாள் நீண்டாலும். பொறுப்பு வேறு, பழி வேறு என்பதை அந்த நீதிபதிகள் பிரித்துவிட்டார்கள். நம் விதி இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மழை வந்ததும் மூட்டையோடு ஆற்றில் விடுகிறது.

ரயில்வே வாரியத்தாருக்குத் தனியாகக் கொஞ்சம். அன்று இரவு பெங்களூரு விமான நிலையத்தில் உட்கார்ந்து உங்கள் இணையதளத்தைத்தான் முதலில் திறந்தேன். ரயில் ஓடுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓடினாலும் என்னைப் போன்றவர் ஏற வழி உண்டா என்று பாருங்கள். தட்கல் முந்தைய நாள் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நள்ளிரவில் தரையிறங்கியவளுக்கு அன்றைய ரயிலில் தட்கல் இல்லை. இணையத்தில் எடுத்த காத்திருப்புச் சீட்டு, முன்பதிவுப் பட்டியல் (சார்ட்) தயாரானதும் தானாகவே ரத்தாகிவிடும். அவசர ஒதுக்கீடு என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள். பெயர்தான் அவசரம், பெரும்பாலும் எம்.பி. போன்றவரின் கடிதத்தோடு முந்தைய நாளே மனுப் போட வேண்டும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு அவசரப்படுகிறவர்களுக்கான ஒதுக்கீடு அது. மிஞ்சுவது முன்பதிவில்லாப் பெட்டி. காசியிலிருந்து வந்த அந்த மாமாவையும் மாமியையும் நான்கு சொம்போடு அதில் ஏற்றிவிட முடியுமா?

நீங்களும் மனம் வைத்தால் நடக்கிறது. 2025 டிசம்பரில் அந்த விமானங்கள் ரத்தானபோது 37 ரயில்களில் 116 பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்தீர்கள். பெட்டி இருந்தது, எஞ்சின் இழுத்தது, மக்கள் வீடு போனார்கள். அதே வாரத்தில் விமான அமைச்சகமும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. பயணியிடமிருந்து பிரிந்துபோன பெட்டிகளை 48 மணி நேரத்தில் கண்டுபிடித்து ஒப்படைக்கச் சொன்னது. பெல்ட் பக்கத்தில் நின்ற அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன். நல்ல உத்தரவு. கூச்சல் நாடாளுமன்றம் வரை எட்டிய பிறகு வந்த உத்தரவு என்பதுதான் குறை.

ஆகவே என் வேண்டுகோள். அந்த விதியில் மாற்று விமானம், பணம் என்ற இரண்டோடு மூன்றாவதாக நிலவழி என்று ஒரு சொல்லைச் சேருங்கள். விமான நிலையம் மூடிவிட்டது என்று அறிவித்த நிமிடம் முதல், வேறு ஊரில் இறக்கப்பட்ட பயணி கேட்டால் பஸ்ஸோ ரயிலோ தர வேண்டும். மிஞ்சிய தூரத்துக்கான டிக்கெட் பணத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து மைசூருக்கும் மடிகேரிக்கும் கர்நாடக அரசின் ஃப்ளைபஸ் வழக்கமாகவே ஓடுகிறது. சென்னை மூடிய இரவில் அதைச் சென்னைப் பக்கம் திருப்பிவிட, இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் விமான நிலைய நிர்வாகமும் புரட்டாசி மாதமே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டால் போதும். திருப்பிவிடப்பட்ட விமானத்தில் இருக்கும் பெட்டியைக் கேட்டவுடன் இறக்கித் தர யாருக்கு அதிகாரம் என்று பதவியின் பெயரோடு எழுதி வையுங்கள். ரயில்வே தன் அவசர ஒதுக்கீட்டில் ஒரு பங்கை அந்த நாட்களில் மட்டும் ரத்தான போர்டிங் பாஸுக்குத் திறக்கட்டும், எம்.பி.யின் கையெழுத்தைவிட அது நம்பகமான சான்றுதான்.

சட்டம் திருத்த நாளாகும் என்பது தெரியும். குறுஞ்செய்தியைத் திருத்த ஆகாது. 'எதிர்பாராத வானிலை காரணமாக ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நீங்கள் அனுப்பவைப்பதை நிறுத்திவிட்டு, வருகிற கார்த்திகையில் பெங்களூருவில் இறங்குகிறவர்களுக்கு இப்படி ஒன்று போகட்டும்:

"சென்னை விமான நிலையம் மூடப்பட்டுள்ளது. இன்று திறக்காது. சென்னைக்கு பஸ் இரவு 12.30, 2.00, 4.00 மணிக்கு, வருகைப் பகுதி வாசலில். கோலார், சித்தூர், ராணிப்பேட்டை வழி. பூந்தமல்லி வரை மட்டும். அதற்கு மேல் சாலையில் தண்ணீர். போர்டிங் பாஸ் போதும். உங்கள் பெட்டிகள் 4ஆம் பெல்டில் வந்துகொண்டிருக்கின்றன. டீ இலவசம்."

டீயை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நங்கநல்லூர்ப் பயணி ஒருத்தி